ஓர்ஃபின் முழக்கமும் ஐந்து பலகைகளும்

இசை: வாசகர் கேள்வி – பதில்

ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் பற்றிச் சென்ற இதழில் வந்த சிறு குறிப்பைப் படித்துவிட்டு, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

*

சினிமா டிரெய்லரிலும் விளம்பரத்திலும் நூறு பேர் ஒரே குரலில் முழங்கும் கோரஸ் ஒன்று வருகிறதே, அதுதான் ஓர்ஃப் எழுதியதா? அதில் என்னதான் பாடுகிறார்கள்?
– கல்லூரி மாணவி, கிருஷ்ணகிரி

அதுவேதான். பெயர் 'ஓ ஃபார்ச்சூனா'. டிரெய்லர்களால் அதைப் பேய்ப் பாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது அதிர்ஷ்ட தேவதையிடம் முறையிடும் லத்தீன் பாட்டு: நிலவைப்போல நீ வளர்கிறாய், தேய்கிறாய், நிலையாக நிற்க மாட்டேன் என்கிறாய் என்ற புலம்பல். தெற்கு ஜெர்மனியின் பவேரியாவில் பெனடிக்ட்பாயர்ன் மடத்தில் 1803-ல் கிடைத்த இடைக்காலச் சுவடி ஒன்றில் இருந்த பாடல் இது. அந்தத் தொகுப்பு முழுவதையும் 1847-ல் ஷ்மெல்லர் என்பவர் 'கார்மினா புரானா' என்று பெயரிட்டு அச்சேற்றினார். ஓர்ஃப் அதிலிருந்து 24 பாடல்களை எடுத்து இசையமைத்தார். முதல் அரங்கேற்றம் 1937 ஜூன் 8, ஃபிராங்ஃபர்ட்.

இரண்டரை நிமிடத்தில் அது நம்மைப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் சிக்கலான அமைப்பு இல்லை. அடியில் ஒரே ஆதார ஸ்வரம் விடாமல் ஒலிக்கிறது. மெட்டு சில ஸ்வரங்களுக்குள்ளேயே சுற்றுகிறது. முதல் வரி முழு முழக்கம். உடனே குரல் முணுமுணுப்பாக இறங்கி, இரண்டு பத்திகள் அதே மெட்டில் அடங்கியே ஓடுகின்றன. மூன்றாவது பத்தியில் அதே மெட்டு ஒரு ஸ்தாயி மேலே ஏறி வெடிக்கிறது. புதிதாக எதுவும் சேராமல், அடக்கி வைத்ததை விடுவிப்பதாலேயே வரும் பலம் அது. செல்போன் ஸ்பீக்கரில் கேட்டால் முணுமுணுக்கும் பகுதி காதில் விழாது. சத்தத்தைக் கூட்டுவீர்கள், அடுத்த நொடி காது அடைக்கும். ஹெட்போனில், சத்தத்தை ஒரே அளவில் வைத்துக் கேளுங்கள்.

முழுப் படைப்பும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். வசந்தம், மதுக்கடை, காதல் என்று நகர்ந்து, தொடங்கிய பாட்டிலேயே போய் முடியும். நடுவில் தீயில் வாட்டப்படும் அன்னம் ஒன்று தன் பழைய அழகை நினைத்துப் பாடும் பாட்டை விட்டுவிடாதீர்கள். டெனர் (உயர்ந்த ஆண்குரல்) பாடகருக்கு இந்தப் படைப்பில் அந்த ஒரு தனிப்பாட்டுதான். அதையும் கழுத்து நரம்பு புடைக்கும் உச்ச ஸ்தாயியில் எழுதியிருக்கிறார் ஓர்ஃப். வேதனை குரலிலேயே கேட்க வேண்டும் என்பதற்காக. ஒலிப்பதிவுகளில் 1967-ல் ஆய்கன் யோகும் நடத்தியதை முதலில் தேடுங்கள்.

*

ஹிட்லர் காலத்தில் ஜெர்மனியிலேயே இருந்து புகழ்பெற்றவர் என்கிறார்கள். அவர் நாஜியா?
– வரலாற்று ஆசிரியர், தருமபுரி

நாஜிக் கட்சியில் அவர் உறுப்பினர் இல்லை. ஆனால் எதிர்த்தும் நிற்கவில்லை. 1936 பெர்லின் ஒலிம்பிக் தொடக்க நிகழ்ச்சியில் சிறுவர் ஆட்டத்துக்கு இசை தந்தார். இசையமைப்பாளர் மெண்டல்சன் யூத வம்சத்தவர் என்பதற்காக, ஷேக்ஸ்பியரின் 'நடுவேனில் கனவு' நாடகத்துக்கு அவர் எழுதிய இசை விலக்கப்பட்டபோது, அதற்கு மாற்று இசை எழுத ஒப்புக்கொண்டார். 1939-ல் அது மேடையேறியது. ஓர்ஃபின் தந்தைவழிப் பாட்டியே யூத வம்சத்தவர். அதை வெளியே சொல்லாமல்தான் ஓர்ஃப் அந்த ஆண்டுகளைக் கடந்தார்.

கனமான விஷயம் கூர்ட் ஹூபர் பற்றியது. மியூனிக் பேராசிரியர், நாட்டுப்புறப் பாடல் ஆய்வாளர், ஓர்ஃபின் நண்பர். ஹிட்லரை எதிர்த்துத் துண்டறிக்கை பரப்பிய 'வெள்ளை ரோஜா' மாணவர் குழுவோடு சேர்ந்ததற்காக 1943-ல் கைதாகி, அதே ஆண்டு ஜூலை 13 அன்று கொல்லப்பட்டார். ஹூபரின் மனைவி உதவி கேட்டு வந்தபோது ஓர்ஃப் தன் நிலையை எண்ணியே அஞ்சினார் என்பது அந்த அம்மையாரின் சாட்சியம். போருக்குப் பிறகு, இறந்துபோன நண்பருக்கு மன்னிப்புக் கேட்டு ஓர்ஃப் எழுதிய கடிதம் ஹூபரின் நினைவு மலரில் அச்சானது. தானும் அந்தக் குழுவில் இருந்ததாக அமெரிக்க அதிகாரியிடம் சொன்னாரா இல்லையா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது. வகுப்பில் ஓர்ஃபைப் பற்றிச் சொல்லும்போது இந்தப் பக்கத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

*

ஓர்ஃப் சிறுவர்களுக்கு இசை சொல்லித்தர ஒரு முறை வகுத்தார் என்று எழுதியிருந்தீர்கள். என் வகுப்பில் 30 பிள்ளைகள். கருவி ஒன்றுகூட இல்லை. இங்கே அது நடக்குமா?
– தொடக்கப்பள்ளி ஆசிரியை, பாலக்கோடு

நடக்கும் டீச்சர். கருவி இல்லாமல் தொடங்குவதுதான் அந்த முறைக்கே சரி. 1924-ல் மியூனிக்கில் டோரத்தே குந்தரோடு சேர்ந்து ஓர்ஃப் நடத்திய உடற்பயிற்சி, நடனப் பள்ளியில் இது முளைத்தது. அங்கே மாணவியாக வந்த குனில்ட் கீட்மன்தான் பாடங்களில் பெரும்பகுதியை ஆக்கியவர். அவர் பெயர் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டும். போரில் பள்ளி அழிந்தது. 1948-ல் பவேரிய வானொலியின் சிறுவர் நிகழ்ச்சியாக மறுபடி உயிர்பெற்று, 1950 முதல் 1954 வரை ஐந்து தொகுதிகளாக அச்சில் வந்தது. பேச்சு, கைகால், பிறகு கருவி என்பதே வரிசை.

பேச்சில் தொடங்க உங்கள் பக்கத்து மாம்பழப் பெயர்களே போதும். 'பெங்களூரா' என்பதை அசைக்கு ஓர் அட்சரமாக (தாளத்தின் ஓர் எண்ணிக்கை) சொன்னால் நான்கு: தகதிமி. 'நீலம் நீலம்' என்பதும் நான்கு. 'மல்கோவா' மூன்று, அதன்பின் ஓர் அட்சரம் மௌனம். பத்துப் பத்துப் பேராக மூன்று குழு பிரியுங்கள். முதல் குழு 'நீலம் நீலம்' என்று நிறுத்தாமல் சொல்லட்டும். அது நிலைத்த பிறகு, குறைந்தது எட்டுச் சுற்று ஓடிய பிறகு, 'பெங்களூரா' குழு சேரட்டும். கடைசியாக 'மல்கோவா'.

தவறு நடப்பது இந்தக் கடைசிக் குழுவில்தான். பிள்ளைகள் மௌனத்தை விழுங்கிவிடுவார்கள். நான்கு மூன்றாகிவிடும், அடுத்த சுற்றிலேயே மற்றவர்களை முந்திக்கொண்டு ஓடுவார்கள். அதட்டிப் பயனில்லை. அந்த வெற்று அட்சரத்தில் இரண்டு கையையும் பக்கவாட்டில் விரிக்கச் சொல்லுங்கள். உடம்புக்கு ஒரு வேலை இருந்தால் மௌனம் நிற்கும். இன்னொன்று, வேகம் ஏறிக்கொண்டே போவது. கத்துவதால் வருவது அது. பாதிக் குரலில் சொல்லச் சொன்னால் வேகம் தானே அடங்கும்.

பிறகு வாயை மூடிக்கொண்டு, அதே சொற்களைக் கையிலும் காலிலும் வாசிக்க வேண்டும். 'நீலம்' தொடையில், இடம் வலம் மாற்றி. 'பெங்களூரா' கைதட்டலில். மிதிப்பதைச் சுற்றின் முதல் அட்சரத்துக்கு மட்டும் வையுங்கள்; கால் கையைவிட மெதுவானது, ஒவ்வொரு அட்சரத்துக்கும் மிதித்தால் தாளம் இழுக்கும். இது கைவந்த பிறகு, எல்லோரும் சேர்ந்து ஒரு வரி, நடுவில் ஒரு பிள்ளை மட்டும் எட்டு அட்சரத்துக்குத் தானாக ஏதாவது தட்டுவது, மறுபடி எல்லோரும் அதே வரி. பல்லவிக்குத் திரும்பும் இந்த வடிவத்தை ஓர்ஃப் மிகவும் நம்பினார். தனியாகத் தட்டும் பிள்ளையைத் திருத்தாதீர்கள். எட்டு அட்சரம் முடிந்து பல்லவி சரியான இடத்தில் விழுந்ததா என்பதை மட்டும் பாருங்கள்.

மூத்த பிள்ளைகள் இருந்தால், 'மல்கோவா' குழுவின் மௌனத்தை வேண்டுமென்றே எடுத்துவிடுங்கள். மூன்றும் நான்கும் மோதி, பன்னிரண்டு அட்சரம் முடிந்ததும் ஒன்றாக வந்து நிற்கும். அந்த இடத்தை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

*

நான் கர்நாடக சங்கீதம் சொல்லித்தருகிறேன். மரப் பலகைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் ஓர்ஃபின் சைலஃபோன் நமக்கு ஒத்துவருமா? அதில் கமகம் கிடையாதே?
– பாட்டு ஆசிரியை, ஓசூர்

ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் கமகம் வராது, அதற்கு அது கருவியும் அல்ல. ஆனால் அதில் வேறொரு பெரிய வசதி இருக்கிறது. ஓர்ஃப் கருவியின் பலகைகளைக் கையால் கழற்றி மாட்டலாம். ஒரு கட்டை சுருதிக்கு (மேற்கத்திய C) ஸரிகமபதநி ஏழும் இருக்கும். தொடக்கத்தில் ம, நி இரண்டையும் கழற்றிவிடச் சொல்கிறார். மிஞ்சுவது ஸரிகபத, நம் மோகனம். அருகருகே அரை ஸ்வர இடைவெளி இல்லாததால், பிள்ளை எந்தப் பலகையில் தட்டினாலும் காதில் உறுத்தாது.

இனி அதே ஐந்து பலகைகளில் கிரக பேதம், அதாவது ஸ்வரங்களை மாற்றாமல் ஸ-வை மட்டும் இடம் மாற்றுவது, செய்து பாருங்கள். சுருதிப் பெட்டியை 2 கட்டைக்கு மாற்றி ரி பலகையை ஸ என்று கொண்டால் மத்யமாவதி. 3 கட்டையில், க-விலிருந்து ஹிந்தோளம். 5 கட்டையில், ப-விலிருந்து சுத்த ஸாவேரி. 6 கட்டையில், த-விலிருந்து சுத்த தன்யாசி. ஹிந்தோளத்துக்கு மட்டும் பஞ்சமம் இல்லாததால் ஸ–ம சுருதி வையுங்கள். கிரக பேதத்தைக் கரும்பலகையில் விளக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

தட்டும் முறையில் கவனிக்க வேண்டியது: பிள்ளைகள் கோலைப் பலகையில் அழுத்தி வைத்துவிடுவார்கள், ஒலி செத்துவிடும். பட்டதும் கோல் எழும்ப வேண்டும். பலகையின் நடுவில் தட்ட வேண்டும், ஆணிக்குப் பக்கத்தில் அல்ல. இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தப் பழக்குங்கள்.

*

விலைக்கு வாங்க வசதியில்லை. மோகனத்துக்கு மட்டும் பலகை நானே அறுத்துக்கொள்ளலாமா?
– தச்சர், தேன்கனிக்கோட்டை

தாராளமாக. ஈட்டி மரம் சிறந்தது, தேக்கும் நடக்கும். பழைய மரக் கடையில் கிடைக்கும் நிலைச்சட்டத் துண்டுகளைப் பாருங்கள், நன்றாகக் காய்ந்திருக்கும். ஈர மரத்தில் செய்தால், காயக் காய சுருதி ஏறிக்கொண்டே போகும். இழை நீளவாக்கில் ஓட வேண்டும். கணு இருந்தால் வேண்டாம்.

எல்லாப் பலகையும் ஒரே தடிமன், ஒரே அகலம், 2 செ.மீ., 4 செ.மீ. போதும். ஒரே தடிமனில் ஒலியின் அதிர்வெண் நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் மாறும். அதனால் மேல் ஸ்தாயிக்கு நீளம் பாதியாகாது. ஸ பலகை 30 செ.மீ. என்றால் ரி 28.3, க 26.8, ப 24.5, த 23.2, மேல் ஸ 21.2. முதல் பலகை எந்தச் சுருதியில் ஒலித்தாலும் அதையே ஸ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொன்றையும் அரை செ.மீ. கூடுதலாக அறுத்து, நுனியைக் குறைத்துக்கொண்டே சுருதிக்கு வாருங்கள். நுனி குறைந்தால் சுருதி ஏறும். அதிகமாக ஏறிவிட்டால் அடிப்பக்கத்தின் நடுவில் லேசாகச் சீவுங்கள், இறங்கும். இரண்டு சீவலுக்கு ஒருமுறை செல்போன் டியூனரில் பாருங்கள்.

பலகை தாங்கியில் உட்காரும் இடம்தான் உயிர்நாடி. ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் 22.4 சதவீதத்தில் அதிராத புள்ளி இருக்கிறது, 30 செ.மீ. பலகைக்கு 6.7 செ.மீ. பலகையைப் பஞ்சின் மேல் வைத்து, உப்பைத் தூவி நடுவில் தட்டினால் உப்பு அங்கே கோடாகச் சேரும். துளையை அங்கே போடுங்கள், ஆணியைவிடப் பெரிதாக. ஆணி இறுகினால் 'டொக்' என்ற சத்தம்தான் வரும். அடியில் கயிறோ கம்பளித் துணியோ வையுங்கள். கோலின் முனையில் கம்பளி நூலை இறுக்கமாகச் சுற்றுங்கள்.

*

ஓர்ஃபின் மற்றப் படைப்புகள்? 'ஓ ஃபார்ச்சூனா'வைப் பள்ளி ஆண்டு விழாவில் பாட வைக்கலாமா?
– தலைமை ஆசிரியர், ஊத்தங்கரை

1895 ஜூலை 10-ல் மியூனிக்கில் பிறந்து, 1982 மார்ச் 29-ல் அங்கேயே இறந்தவர். 'நிலா' (1939), 'புத்திசாலிப் பெண்' (1943) இரண்டும் கிரிம் சகோதரர் கதைகளிலிருந்து வந்த இசை நாடகங்கள், தொடங்குபவர்களுக்கு ஏற்றவை. 'ஆன்டிகனே' (1949), பண்டைய கிரேக்க மொழியிலேயே பாடப்படும் 'புரொமிதியஸ்' (1968) ஆகியவை பொறுமையோடு கேட்க வேண்டியவை.

இரண்டு பியானோவும் தாள வாத்தியங்களும் மட்டும் கொண்ட 'கார்மினா புரானா' வடிவம் 1956-ல் வந்தது. ஆனால் கடைசிப் பத்தியின் உயரத்தில் பிள்ளைகள் கத்தித்தான் பாட முடியும். தொண்டை கெடும், வேண்டாம். தவிர, இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை, அதாவது 2042 முடிய, அதற்குப் பதிப்புரிமை உண்டு. இசைத்தாளை நகலெடுத்துக் கொடுக்கக் கூடாது. பாலக்கோடு ஆசிரியைக்குச் சொன்ன மாம்பழத் தாளத்தை மேடையேற்றுங்கள். 60 பிள்ளைகள் வரை ஒரே நேரத்தில் நிற்கலாம், மைக் இரண்டு போதும்.