மணி அடுக்கும் பெட்டி: அயர்ன் வகையா, தண்ணீர் வகையா?

கேள்வி: மகளுக்கு 7 வயது, மகனுக்கு 4. குட்டி பிளாஸ்டிக் மணிகளைத் தட்டில் அடுக்கி உருவம் செய்யும் கைவேலைப் பெட்டி வேண்டும் என்று மகள் நச்சரிக்கிறாள். அயர்ன் பண்ணி ஒட்டுவது, தண்ணீர் தெளித்து ஒட்டுவது என்று இரண்டு வகை இருக்கிறது. எதை வாங்குவது? 5,000 மணிகள் உள்ள பெரிய பெட்டியே வாங்கிவிடலாமா?

பதில்: முதலில் அந்தப் பெரிய பெட்டியைக் கீழே வையுங்கள். குழந்தைக்கு இது பிடிக்குமா என்பது இரண்டு சாயங்காலத்தில் தெரிந்துவிடும். அதுவரை சின்னப் பெட்டி போதும்.

இரண்டு வகையையும் என் மகனோடும் அக்கா மகளோடும் உட்கார்ந்து செய்து பார்த்திருக்கிறேன். பார்ப்பதற்கு ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு வேறு விளையாட்டு. கடைசி வேலையை யார் செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

அயர்ன் வகை மணிகள் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் செய்தவை. வழக்கமான அளவு 5 மில்லிமீட்டர், நடுவே ஓட்டை. முள் முள்ளாக நிற்கும் ஒரு தட்டில் ஒவ்வொன்றாகச் செருகி உருவத்தை முடித்த பிறகு, மேலே பேக்கிங் பேப்பரை விரித்து அயர்ன் பாக்ஸால் தேய்க்க வேண்டும். ஆக, குழந்தை ஒரு மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுக்கும். முடியும் நேரத்தில் "தள்ளி நில்லு, சுடும்" என்று நாம் வாங்கிக்கொள்வோம். சில குழந்தைகளுக்கு இது சரிப்படும். சிலருக்கு முகம் சுருங்கிவிடும்.

அடுக்குவதிலும் ஒரு சங்கடம் உண்டு. தட்டு அசைந்தால் போச்சு. அக்கா மகள் முக்கால்வாசி யானையை முடித்துவிட்டு எழுந்தபோது முழங்கால் மேசையில் இடித்தது. தும்பிக்கை முழுக்கத் தரையில். அழப்போகிறாள் என்று நினைத்தேன். தட்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "சரி, பன்றின்னு வச்சுக்கலாம்" என்றாள். எல்லாக் குழந்தைக்கும் இந்த மனசு இருக்காது. அதனால் தட்டுக்கு அடியில் ஒரு டவலை மடித்துப் போடுங்கள். விளிம்புள்ள ட்ரேக்குள் வைத்தால் இன்னும் நல்லது. உருளும் மணியும் உள்ளேயே நிற்கும்.

தேய்ப்பதில் முதல் தடவை நானே கெடுத்தேன். அயர்ன் பாக்ஸில் தண்ணீர், நீராவி எதுவும் கூடாது. சூடு நடுத்தரமாக இருந்தால் போதும். அழுத்தாமல், ஒரே இடத்தில் நிறுத்தாமல், வட்ட வட்டமாக ஓட்ட வேண்டும். மணியின் ஓட்டை பாதியாகச் சுருங்கியதும் நிறுத்திவிட வேண்டும். நான் ஓட்டை மூடும்வரை தேய்த்தேன். வழவழவென்று ஒரு பிளாஸ்டிக் வில்லை கிடைத்தது. "என் மணியெல்லாம் எங்கே?" என்று கேட்டான் மகன். தேய்த்த உடனே மேலே ஒரு கனமான புத்தகத்தை வைத்து ஆறவிடுங்கள், இல்லாவிட்டால் ஓரம் மேலே சுருண்டுகொள்ளும். தட்டையும் பாருங்கள்: சூடு அதிகமானால் அதுவும் கோணும். கோணிய தட்டில் அடுத்த உருவம் நேராக வராது.

தண்ணீர் வகையில் மணியின் மேல்பூச்சே நனைந்தால் பசையாகிவிடும். அடுக்கி, தெளித்து, காயவிட்டால் முடிந்தது. தொடக்கத்திலிருந்து கடைசிவரை குழந்தையே செய்யலாம். ஆனால் கை ஈரமாக இருக்கக் கூடாது. மகன் கை கழுவிவிட்டு வந்து டப்பாவில் கையை விட்டான். நீல மணி எல்லாம் ஒரே உருண்டை. தெளிக்கும்போதும் தாராளம் வேண்டாம். காய்வதற்குள் எடுக்கத்தான் குழந்தைகளுக்குக் கை துறுதுறுக்கும். தூங்கப்போகும் முன் தெளித்துவிட்டுக் காலையில் எடுப்பது என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். முடிந்த பொம்மை நனைந்தால் மறுபடி பிசுபிசுக்கும், அதனால் சாவிக்கொத்தில் மாட்ட அயர்ன் வகைதான்.

தண்ணீர் வகையில் பெயர் தெரியாத மலிவுப் பெட்டியை நான் வாங்க மாட்டேன். அதற்குக் காரணம் உண்டு. 2007 நவம்பரில் ஆஸ்திரேலியாவில் பிண்டீஸ் என்றும், அமெரிக்காவில் அக்வா டாட்ஸ் என்றும் விற்ற இதே மாதிரி மணிகளை விழுங்கிய குழந்தைகள் மயங்கி விழுந்தார்கள். பூச்சில் போட வேண்டிய வேதிப்பொருளுக்குப் பதிலாக வேறொன்று போடப்பட்டிருந்தது. அது உடம்புக்குள் போய் ஜிஎச்பி என்ற மயக்க மருந்தாக மாறியது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 42 லட்சம் பொம்மைகளைத் திரும்பப் பெற்றார்கள். பொம்மையின் மேல்பூச்சில் என்ன இருக்கிறது என்று நம்மால் வீட்டில் பார்க்க முடியாது. தயாரிப்பாளர் பெயர், முகவரி, பேட்ச் எண், பாதுகாப்புத் தர முத்திரை இவை பெட்டியில் இருக்கின்றனவா என்று பார்க்கத்தான் முடியும். அதையாவது பார்ப்போம்.

இனி எண்ணிக்கை. பெரிய சதுரத் தட்டு பெரும்பாலும் 29க்கு 29 முள், அதாவது 841 மணி. 1,000 மணி என்றால் நிறைய போலத் தோன்றும். பத்து நிறம் கலந்திருந்தால் ஒரு நிறத்துக்குச் சுமார் 100தான். உருவத்தின் ஓரக்கோட்டுக்குக் கறுப்பு மட்டும் அதைவிட அதிகம் இழுக்கும். பெரிய கலவைப் பெட்டியிலும் இதே கதைதான்: கறுப்பும் வெள்ளையும் தீர்ந்து, யாரும் தொடாத நிறம் டப்பா டப்பாவாக மிஞ்சும். தட்டோடு வரும் சிறிய பெட்டி ஒன்று, தனியாகக் கறுப்பு ஒரு பை என்று தொடங்குங்கள். தனி நிறப் பைகள் கிடைக்காத பிராண்டாக இருந்தால் விட்டுவிடுங்கள். இரண்டு பிராண்டு மணிகளை ஒரே உருவத்தில் கலக்கவும் வேண்டாம், உருகும் வேகம் மாறும். 2.5 மில்லிமீட்டர் மணிகளும் இருக்கின்றன. அவை பெரியவர்களுக்கு, அதுவும் சாமணம் வைத்துக்கொண்டு.

உங்கள் வீட்டுக்கு? மகளுக்கு அயர்ன் வகை. 4 வயதுப் பையன் சும்மா இருக்க மாட்டான். அவனுக்கு 10 மில்லிமீட்டர் பெரிய மணியும் அதற்கான தட்டும் தனியாகக் கொடுங்கள், அவள் தட்டுப் பக்கம் போகமாட்டான். மூக்கில், காதில் நுழைத்துக்கொள்ளும் வயது அது, பக்கத்திலேயே இருங்கள்.

கேள்வி: பெட்டியில் 0–3 என்று போட்டு ஒரு முகத்தைக் குறுக்காக அடித்திருக்கிறார்கள். என் பேத்தி இரண்டரை வயதிலேயே படு சூட்டிகை. கொடுக்கலாமா?

பதில்: கூடாது. அது அறிவைப் பற்றிய குறி இல்லை. தொண்டையில் சிக்கும் அளவுப் பொருள் உள்ளே இருக்கிறது என்ற எச்சரிக்கை.

கேள்வி: தண்ணீரில் போட்டால் ஊதிப் பெருக்கும் வண்ண மணிகளும் இதுவும் ஒன்றா?

பதில்: இல்லை, பெயர்தான் குழப்புகிறது. அவை நீரை உறிஞ்சும் பாலிமர் உருண்டைகள். விழுங்கினால் குடலுக்குள் போயும் பெருக்கும், அடைக்கும். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. சின்னக் குழந்தை உள்ள வீட்டில் அதற்கு இடமே கொடுக்காதீர்கள்.

கேள்வி: பெட்டியைத் திறந்ததும் பார்த்தேன், மூன்று நிறம் இல்லை. திறந்ததை மாற்ற மாட்டேன் என்கிறார் கடைக்காரர்.

பதில்: மனம் மாறித் திருப்பித் தருவது வேறு, குறையுள்ள பொருளைத் திருப்பித் தருவது வேறு, அவர் இரண்டையும் ஒன்றாக்குகிறார். பெட்டியின் மேல் அச்சடித்த பட்டியலையும் உள்ளே இருப்பதையும் ஒரே படத்தில் வருவதுபோல எடுங்கள். பில், பேட்ச் எண் இரண்டையும் சேர்த்துக் கடைக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் அனுப்புங்கள். விடுபட்ட பையை மட்டும் தயாரிப்பாளரே அனுப்பிவைப்பதும் உண்டு. பதில் வரும்வரை மீதி மணிகளைக் குழந்தை கையில் கொடுத்துவிடாதீர்கள், பிறகு எது குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.