குவாரிக்குக் கீழே ஓடை வெளுத்து ஓடினால்

வணக்கம். திருவட்டாறு பக்கம் குவாரிக்குக் கீழே ஓடை மழை பெய்தால் பால்போல ஓடுகிறது, அமிலமாக இருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். அமிலம் பெரும்பாலும் நிலக்கரி, உலோகத் தாதுச் சுரங்கங்களின் தொல்லை. அங்கே பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலத்தை உண்டாக்கும். நம்மூர்ப் பாறை சார்னோகைட், நைஸ் என்ற கெட்டிக் கல் வகை; அதில் பைரைட் பொதுவாக அவ்வளவாக இருக்காது. வெளுப்புக்குக் காரணம் அநேகமாகக் கல்தூள்தான்.

வெறும் போட்டோ காட்டினால் ‘மழைத்தண்ணி அப்படித்தான்’ என்று அதிகாரிகள் முடித்துவிடுவார்கள். குவாரிக்கு மேலே ஒரு பாட்டில், கீழே ஒரு பாட்டில், ஒரே நாளில் பிடித்து, கலங்கல் அளவைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பாருங்கள். குடிநீரில் கலங்கல் 1 அலகு (NTU) வரை இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியில்லையென்றால் 5 வரை. இரண்டு பாட்டிலுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் ஆதாரம். அப்புறம் குவாரிக்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியின் நகலை வாங்கி, வண்டல் படியும் குட்டை பற்றிய நிபந்தனை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, திங்கள்கிழமை கலெக்டரிடம் மனு கொடுங்கள்.