ரயில் ஓட்டுநர் தேர்வில் வரும் சிபிஏடி: என்ன புத்தகம் படிப்பது?

மதுரைப் பக்கம் ஐடிஐ முடித்து உதவி லோகோ பைலட் வேலைக்கு முயல்பவர்கள், இரண்டு கணினித் தேர்வுகளையும் தாண்டியதும் கேட்கும் கேள்வி இது.

புத்தகம் தேட வேண்டாம். சிபிஏடி என்பது கணினியில் நடக்கும் உளத்திறன் சோதனை. படித்ததைக் கேட்காது, மூளை எவ்வளவு விழிப்பாக இருக்கிறது என்று பார்க்கும். நினைவாற்றல், சொன்னபடி செய்தல், ஆழம் கணித்தல், கவனம், பார்த்ததும் பிடிக்கும் வேகம் என ஐந்து பகுதிகள். ஒவ்வொன்றிலும் குறைந்தது 42 டி-மதிப்பெண் (மற்றவர்களோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் மதிப்பெண்) வேண்டும். நான்கில் அசத்தி ஒன்றில் கோட்டை விட்டால் அவ்வளவுதான்.

ஏன் இத்தனை கறார்? மணிக்கு 100 கிலோமீட்டரில் சோழவந்தானைக் கடக்கும் ரயில் ஒரு நொடியில் சுமார் 28 மீட்டர் ஓடிவிடும். சிக்னலைக் கண்டபின் யோசிக்க நேரமில்லை.

நம்ம ஊர் ராத்திரிக் கடை பரோட்டா மாஸ்டரைப் பாருங்கள். காதில் நாலு மேசை ஆர்டர், கண் கல்லில், கை மாவில். ஒன்றும் மாறாது, கருகாது. அந்த நிதானம்தான் இங்கேயும் வேண்டியது. கடிகாரம் வைத்துத் தினமும் பழகினால் வரும். முந்தின இரவு கண்விழித்துப் படிப்பது உதவாது, கெடுக்கும். அப்புறம், கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். கேள்விக்கு முன் வரும் வழிமுறைகளை ஆங்கிலத்தில் படித்துப் பழகுங்கள்.

‘நேர்முகத் தேர்வில் பேசிச் சமாளிக்கலாம்’ என்று சிலர் நினைக்கிறார்கள். இந்த வேலைக்கு நேர்முகத் தேர்வே கிடையாது. அடுத்து சான்றிதழ் சரிபார்ப்பும், கண்ணாடி இல்லாமல் 6/6 பார்வை கேட்கும் மருத்துவப் பரிசோதனையும்தான்.