பத்து நாளில் ஒன்பது ஊரா?

கேள்வி: நவம்பர் கடைசியில் பத்து நாள் ஜப்பான் போக இருக்கிறோம். நானும் கணவரும், 11 வயது மகன், 68 வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி, முட்டைகூடச் சாப்பிடாதவர். டோக்கியோ, நிக்கோ, ஹகோனே, தகயாமா, கனசாவா, கியோட்டோ, நாரா, ஒசாகா, ஹிரோஷிமா என்று பட்டியல் போட்டிருக்கிறோம். ஜப்பான் ரயில்களில் குறிப்பிட்ட நாள்களுக்கு விருப்பம்போல் சுற்றும் ஜேஆர் பாஸ் வாங்கினால் லாபமா? (கோவை வாசகி ஒருவர்)

பதில்: பாஸ் வேண்டாம். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து ஒரே தாவாக 50,000 யென்னுக்கு ஏறிவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஒரு வழிக் கட்டணம் சுமார் 14,000 யென். கியோட்டோவிலிருந்து ஹிரோஷிமா போய்த் திரும்பச் சுமார் 23,000. இரண்டையும் கூட்டினாலும் பாஸ் விலை வரவில்லை. போதாக்குறைக்கு, அதிவேக நொசோமி ரயிலில் ஏறப் பாஸ் வைத்திருப்பவர்களும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். டிக்கெட்டைத் தனித்தனியாகவே எடுங்கள்; மகனுக்கு அரை டிக்கெட்தான்.

இனி உங்கள் பட்டியல். பத்து நாளில் வந்து இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் போனால் கையில் நிற்பது எட்டு. ஒவ்வொரு முறை விடுதி மாற்றும்போதும் பாதி நாள் கரைந்துவிடும். காலை பத்து, பதினொரு மணிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள்; அடுத்த ஊரில் மூன்று மணிக்குத்தான் சாவி தருவார்கள். நடுவில் அம்மாவை எங்கே உட்கார வைப்பீர்கள்? ஆகவே ஊர்களை எண்ணுவதை விட்டு, தங்குமிடங்களை எண்ணுங்கள். டோக்கியோவில் மூன்று இரவு, கியோட்டோவில் ஆறு இரவு போதும். விமான டிக்கெட்டையும் டோக்கியோவில் இறங்கி, ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்திலிருந்து கிளம்புவதுபோல் எடுத்தால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை.

தகயாமாவும் கனசாவாவும் அருமையான ஊர்கள். இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஹகோனேயும் அப்படியே. ஃபூஜி மலையைப் பார்க்கத்தான் ஹகோனே என்றால், கியோட்டோ செல்லும் புல்லட் ரயிலில் ‘ஈ’ வரிசை ஜன்னல் இருக்கைகளைக் கேட்டு வாங்குங்கள். டோக்கியோ தாண்டி முக்கால் மணி நேரத்தில், வானம் தெளிவாக இருந்தால் மலை வலப்பக்கம் முழுசாக நிற்கும். நிக்கோவில், ஜப்பானை ஆண்ட படைத்தலைவர் தொகுகவா இயெயாசுவின் சமாதிக்கு மட்டும் இருநூறு படிக்கு மேல். நவம்பர் கடைசியில் அங்கே இலையுதிர் காலத்தில் சிவக்கும் இலைகளும் உதிர்ந்திருக்கும். அதற்குப் பதில் டோக்கியோவிலிருந்து ஒரு மணி நேரத்தில் காமகுரா. அங்கே 13ஆம் நூற்றாண்டு வெண்கல புத்தர், கூரை இல்லாமல் வெட்டவெளியில் அமர்ந்திருக்கிறார். டோக்கியோவில் அசாகுசாவின் சென்சோஜி கோயில், உவெனோவின் தேசிய அருங்காட்சியகம் (திங்கட்கிழமை மூடியிருக்கும்), மகனுக்காகக் கலகலப்பான ஷிபுயா கடைவீதி. அவ்வளவே.

கியோட்டோவுக்குத்தான் நேரம் வேண்டும், அதிலும் காலை நேரம். நம்மூர்க் கோயில்களில் மதியம் நடை சாத்தி மாலையில் திறப்பார்கள். அங்கே பெரும்பாலான கோயில்களில் மாலை நாலு, நாலரைக்கு மேல் உள்ளே விடுவதில்லை, விட்டால் மறுநாள்தான். நவம்பர் கடைசியில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். இலைச் சிவப்பு உச்சத்தில் இருக்கும் சமயம் என்பதால் பஸ்களில் நிற்க இடம் கிடைக்காது. பஸ் கட்டணம் பெரியவர்களுக்கு 230 யென். நாலு பேருக்குக் கூட்டினால், பக்கத்து இடங்களுக்கு டாக்ஸிக்கு ஆகும் செலவுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அம்மாவின் முழங்காலுக்காக டாக்ஸியே ஏறுங்கள்.

ஃபுஷிமி இனாரியின் செந்நிற வாயில்களைக் காண ஏழு மணிக்குள் போய்விடுங்கள். கட்டணமும் இல்லை, பூட்டும் இல்லை. இனாரி ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே கோயில். மலை முழுவதும் ஏறி இறங்க இரண்டு மூன்று மணி நேரமாகும். வாயில்கள் நெருக்கமாக நிற்கும் கீழ்ப்பகுதியோடு அம்மா திரும்பிவிடலாம், படத்தில் பார்க்கும் காட்சி அங்கேதான். கியோமிசு கோயிலின் மர மேடை 1633இல் கட்டியது. 13 மீட்டர் உயரத் தூண்கள், ஆணி இல்லாத இணைப்பு. ஆனால் போகும் பாதை ஏற்றம். இலையுதிர் காலத்தில் இரவிலும் சிலநாள் திறப்பார்கள், கூட்டம் அள்ளும். அம்மா வந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

அம்மாவுக்காக நான் எழுதித் தரும் இடம் சன்ஜூசன்கென்தோ. கூட்டம் தங்கக் கோயிலை நோக்கி ஓடும். அது 1950இல் எரிந்து 1955இல் திரும்பக் கட்டியது. சன்ஜூசன்கென்தோ 1266இல் எழுந்த மண்டபம். சுமார் 120 மீட்டர் நீளம், ஒரே தளம். உள்ளே கருணையின் வடிவமான கன்னோனுக்கு (நம்மூர் அவலோகிதேஸ்வரர்) ஆளுயரச் சிலைகள் ஆயிரம், படிப்படியாகப் பத்து வரிசையில் நிற்கின்றன; நடுவில் பெரிதாக ஒன்று அமர்ந்திருக்கிறது. இதற்கு முன்பிருந்த மண்டபம் 1249இல் தீப்பிடித்தபோது காப்பாற்ற முடிந்தவை 124 சிலைகள். மற்றவை பிறகு செதுக்கியவை. முன்வரிசையில் காவலாக 28 பேர். அவர்களை ஒவ்வொருவராகப் பாருங்கள். பிரம்மா இருக்கிறார், இந்திரன் இருக்கிறார், விலா எலும்பு தெரியத் தடி ஊன்றிய முனிவர் ஒருவர் இருக்கிறார், கருடன் புல்லாங்குழல் ஊதுகிறார். சீனா வழியாக உருமாறிப் போனவர்கள்தான், ஆனாலும் அம்மா சிலரை அடையாளம் கண்டுகொள்வார். படம் எடுக்க அனுமதி இல்லை. செருப்பைக் கழற்ற வேண்டும், கனமான காலுறை போடச் சொல்லுங்கள். நவம்பர் கடைசியில் அந்தத் தரை ஜில்லென்று ஏறும்.

நாராவுக்குக் கிந்தெத்சு என்ற தனியார் ரயிலில் போங்கள், அந்த நிலையம்தான் மான்கள் திரியும் பூங்காவுக்குப் பக்கம். தோதாய்ஜி கோயிலின் 15 மீட்டர் புத்தருக்கு 752இல் கண் திறந்தவர் இந்தியத் துறவி போதிசேனர். தென்னிந்தியாவிலிருந்து போனவர் என்பது மரபு. அவர் பிடித்த தூரிகையில் நீளமான கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்களாம், எல்லோருக்கும் புண்ணியத்தில் பங்கு வேண்டுமே! இப்போதைய மண்டபம் 1709இல் கட்டி முடித்தது. அதில் ஒரு தூணின் அடியில், புத்தரின் நாசித்துவாரம் அளவுக்குத் துளை போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் அதற்குள் நுழைந்து வெளிவருவார்கள்; மகனுக்குச் சரியான வயது. மான்களுக்கு பிஸ்கட் வாங்கினால் உடனே கொடுத்துவிடுங்கள். கையில் வைத்துக்கொண்டு படம் எடுத்தால் சட்டையை இழுக்கும்.

ஹிரோஷிமா, கியோட்டோவிலிருந்து ஒரு மணி நாற்பது நிமிடம். அமைதிப் பூங்கா சமதளம். அருங்காட்சியகத்தில் எரிந்த உடைகள், காயங்களின் படங்கள் எல்லாம் உண்டு. மகனிடம் முன்கூட்டியே பேசிவிட்டுக் கூட்டிப்போங்கள். வெளியே காகிதக் கொக்குகள் குவிந்திருக்கும் சிறுவர் நினைவுச்சின்னம், அணுகுண்டின் பாதிப்பால் 12 வயதில் இறந்த சதாகோ என்ற சிறுமியின் நினைவில் எழுந்தது. பக்கத்திலுள்ள மியாஜிமா தீவையும் அதே நாளில் திணிக்காதீர்கள். ஒசாகாவுக்கு ஒரு மாலைப் பொழுது போதும், அரை மணி நேர ரயில்தான்.

சாப்பாட்டில் கவனம் தேவை. சூப், குழம்பு, நூடுல்ஸ் என்று பெரும்பாலானவற்றில் தாஷி என்ற சாறு இருக்கும். பொதுவாக உலர்ந்த மீனைக் கொதிக்கவைத்து எடுப்பது. தட்டில் வெறும் காய்கறிதான் தெரியும். “மீன், இறைச்சி, முட்டை, மீன் சாறு சேராமல்” என்று ஜப்பானிய மொழியில் அச்சிட்ட அட்டையை அம்மா கையில் கொடுங்கள். கடற்பாசியிலும் காளானிலும் சாறு எடுக்கும் ‘ஷோஜின்’ கோயில் சமையலில் வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. கியோட்டோவின் அராஷியாமா பகுதியில் தென்ரியூஜி கோயிலுக்குள்ளேயே ஷிகெத்சு என்ற இடத்தில் பரிமாறுகிறார்கள். தரையில் உட்கார வேண்டியிருக்கும், முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கியோட்டோவில் சிறு அடுப்புள்ள அறை எடுத்தால் ரசம் சாதத்துக்கு வழி பிறக்கும். பொடி வகைகளைக் கொண்டுபோங்கள். பச்சைக் கறிவேப்பிலையும் பழமும் வேண்டாம், விமான நிலையத்தில் தடுப்பார்கள்.

பெட்டிகளை ரயிலில் இழுக்காதீர்கள். நீளம், அகலம், உயரம் கூட்டி 160 செ.மீ. தாண்டினால் அதற்கென்றுள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். டோக்கியோ விடுதியின் வரவேற்பு மேசையில் கொடுத்தால் மறுநாள் கியோட்டோ விடுதிக்கு வந்துவிடும். ஓர் இரவுக்கான துணியைக் கைப்பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் மாத்திரைகளை, ஒரு மாத அளவுக்கு மிகாமல், மருத்துவர் சீட்டோடு வையுங்கள். சளி மாத்திரைகளைத் திருப்பிப் பாருங்கள்: மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் என்ற மருந்து 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அங்கே தடை. இ-விசா எடுத்தால், விமான நிலையத்தில் அதை இணையத்தில் நேரடியாகத் திறந்து காட்ட வேண்டும். படம் பிடித்து வைத்ததை ஏற்க மாட்டார்கள். கியோட்டோ விடுதியை இந்த வாரமே பதிவு செய்யுங்கள், ரத்து செய்ய வசதி உள்ள கட்டணத்தில்.