வர்த்தக ஒப்பந்தத் திருத்தங்களை அலசும் வேலை: மகளைச் சேர்க்கலாமா?

சட்டமும் பொருளாதாரமும் சேர்த்துப் படித்த மகளுக்கு வழக்கறிஞர் தொழிலைத் தவிர வேறென்ன இருக்கிறது என்பது உங்கள் கவலை. சர்வதேச வர்த்தக ஒப்பந்தங்களில் அரசு செய்யும் மாற்றங்களை நாடாளுமன்றத்துக்காக அலசும் வேலை ஒன்று இருக்கிறது. நாடாளுமன்றக் குழுக்களின் செயலகங்களிலும் நாடாளுமன்ற ஆய்வுப் பிரிவுகளிலும் இதற்கு ஆள் வேண்டும். இடங்கள் குறைவு, பல நாடுகளில் குடியுரிமை நிபந்தனையும் உண்டு. அதை முதலில் பாருங்கள். அங்கே கிடைக்காவிட்டாலும் இதே திறமைக்குச் சுங்க ஆலோசனை நிறுவனங்களிலும் தொழில் சங்கங்களிலும் மதிப்பு இருக்கிறது.

புது ஒப்பந்தம் கையெழுத்தானால் ஊரே பேசும். திருத்தமோ, ஒப்பந்த நாடுகளின் பிரதிநிதிகள் அமரும் கூட்டுக்குழுவின் முடிவாகவோ கடிதப் பரிமாற்றமாகவோ சத்தமில்லாமல் வந்துவிடும். அது சபைக்கு வருமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனின் 2010 சட்டப்படி, ஏற்புறுதி (கையெழுத்துக்குப் பிறகு அரசு தரும் முறையான இறுதி ஒப்புதல்) தேவைப்படும் ஒப்பந்தம் 21 அமர்வு நாட்கள் இரு அவைகளின் முன் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தின் கீழ் எடுக்கப்படும் குழு முடிவு அந்தச் சட்டத்தில் சேராது. ஒப்பந்த வாசகத்தையே திருத்தும் முடிவுக்கு அந்த விலக்கு இல்லை. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிவதுதான் பாதி வேலை. ஐரோப்பிய ஒன்றியத்தில் கூட்டுக்குழுவில் எடுக்கும் நிலைப்பாட்டை ஒன்றியத்தின் செயல்பாட்டு ஒப்பந்தம் 218(9) பிரிவின்படி, உறுப்பு நாட்டு அமைச்சர்கள் அமரும் கவுன்சில் தீர்மானிக்கிறது. நாடாளுமன்றத்துக்குத் தகவல் பெறும் உரிமை மட்டுமே. அமெரிக்காவில் வெளிநாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் காங்கிரஸுக்கு. திருத்தம் சேர்க்காமல் ஆம், இல்லை என்று மட்டும் வாக்களிக்கும் விரைவு முறை 2021 ஜூலை 1-ல் காலாவதியானது.

ஒரு பொருள் எந்த நாட்டுப் பொருள் என்று முடிவுசெய்யும் பிறப்பிட விதியில் செய்யும் மாற்றம் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ஒரு பொருளின் மதிப்பு 100. அதில் ஒப்பந்த நாடுகளுக்கு வெளியிலிருந்து வந்த உதிரிபாகங்கள் 62. ஒப்பந்த நாடுகளுக்குள் சேர்ந்த பங்கு, அதாவது பிராந்திய மதிப்பு, 38 விழுக்காடு. விதி 40 கேட்டால் சலுகை வரி கிடையாது. கூட்டுக்குழு அதை 35 ஆக்கினால் அதே பொருள் சலுகையோடு உள்ளே வரும். வரி அட்டவணையில் ஓர் எண்கூட மாறியிருக்காது. அட்டவணையை மட்டும் படிக்கிறவர் இதைத் தவறவிடுவார். 2022-ல் எச்.எஸ். குறியீடுகள் (சுங்கத்துக்காகப் பொருட்களை வகைப்படுத்தும் உலகப் பொது எண்கள்) புதுப்பிக்கப்பட்டதுபோல நடக்கும்போதும் ஆபத்து உண்டு. வேறுவேறு சலுகை பெற்ற இரண்டு பழைய குறியீடுகள் ஒன்றாகச் சேர்ந்தால் யாரோ ஒருவருக்கு வரி மாறலாம். அரசு தரும் விளக்கக் குறிப்பு அதைத் 'தொழில்நுட்ப மாற்றம்' என்று ஒரே வரியில் முடித்துவிடும். அந்தச் சொல்லைக் கண்டால் பின்னிணைப்பைத் திறந்து பார்க்கும் பழக்கம் வர வேண்டும்.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது நாள் கணக்கில். பிரிட்டனில் இரு அவைகளும் கூடிய நாள்தான் ஒரு நாள். விடுமுறை இடையில் வந்தால் 21 நாள் பல வாரங்களுக்கு நீளும். நாட்காட்டியைப் பார்த்து எண்ணியவர் கெடுவைத் தப்பாகச் சொல்லிவிடுவார்.

பட்டச் சான்றிதழோடு ஒரு மாதிரி வேலையும் கையில் இருந்தால் நல்லது. வெளியிடப்பட்ட ஒரு கூட்டுக்குழு முடிவை எடுத்து, பழைய வாசகம் இடப்பக்கம், புதியது வலப்பக்கம் எனத் தாளில் வைக்கச் சொல்லுங்கள். அடிக்குறிப்புகளையும் விட வேண்டாம். பிறகு ஒரே பக்கத்தில் எழுதட்டும்: எந்தப் பிரிவு குழுவுக்கு இந்த அதிகாரம் தந்தது, உள்நாட்டுச் சட்டம் மாற வேண்டுமா, யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம், எப்போது அமலாகும், சபை ஆட்சேபிக்கக் கடைசி நாள் எது. முதல் தாளுக்கு ஒரு வாரம் பிடிக்கலாம். இப்படி மூன்று தாள்கள் சேர்ந்த பிறகு விண்ணப்பிக்கட்டும்.