√(3க + 7) = க − 1: இரண்டு விடைகள் வந்தும் ஒன்றை ஏன் தள்ளுகிறோம்?

தலைப்பிலுள்ள சமன்பாட்டின் இருபுறத்தையும் வர்க்கப்படுத்தினால் 3க + 7 = க² − 2க + 1 என்றாகி, க² − 5க − 6 = 0 என்று சுருங்குகிறது; காரணிப்படுத்தினால் 6, −1 என இரண்டு விடைகள் கிடைக்கின்றன. (எழுத வசதியாகத் தெரியாத எண்ணைக் 'க' என்றே குறிக்கிறேன்.) வழியில் தவறு எதுவும் இல்லாதபோது −1 மட்டும் ஏன் தள்ளப்படுகிறது என்பது கேட்டவரின் ஐயம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் கூடுதல் கணிதம் சொல்லித்தரும் படிவம் நான்கு பிள்ளைகளும், சர்டு (முழுமையாகத் தீராத மூலங்கள்) பாடத்தில் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

√ என்ற குறி குறை எண்ணல்லாத வர்க்கமூலத்தை மட்டுமே சுட்டும். க = −1 என்றால் இடப்புறம் √4, அதாவது 2; வலப்புறமோ −2. இரண்டும் சமமல்ல, ஆனால் இரண்டின் வர்க்கமும் 4. வர்க்கப்படுத்தும்போது கூட்டல், கழித்தல் குறி அழிந்துவிடுவதால், −√(3க + 7) = க − 1 என்ற வேறொரு சமன்பாடும் அதே இருபடிச் சமன்பாட்டில்தான் வந்து சேர்கிறது. −1 அதற்குரிய தீர்வு.

இங்கே பலரையும் ஏமாற்றும் ஒன்று உண்டு. மூலத்துக்குள் குறை எண் வரக்கூடாது என்று நினைவில் வைத்திருக்கும் மாணவர்கள் 3க + 7 ≥ 0 என்று எழுதிச் சரிபார்க்கிறார்கள். −1 அந்தச் சோதனையில் தேறிவிடுகிறது. உண்மையில் வேண்டிய நிபந்தனை க − 1 ≥ 0 என்பதே. தீர்வில் 3க + 7 என்பது (க − 1)² க்குச் சமம் என்பதால், மூலத்துக்குள் இருப்பதைத் தனியாகச் சோதிக்கத் தேவையே இல்லை. ஆகவே வர்க்கப்படுத்தும் முன்பே க ≥ 1 என்று ஓரத்தில் எழுதச் சொல்வேன். கால்குலேட்டரில் இருபடிச் சமன்பாட்டைத் தட்டினால் அது இரண்டு விடைகளையும் ஒன்றுபோலவே காட்டும். நாம் எங்கிருந்து தொடங்கினோம் என்பது அதற்குத் தெரியாது.

√(க + 5) + √க = 5 போல இரண்டு மூலங்கள் இருந்தால், ஒன்றை மறுபுறம் நகர்த்தி √(க + 5) = 5 − √க என்று எழுதிய பிறகே வர்க்கப்படுத்துங்கள். அப்போது க + 5 = 25 − 10√க + க என்றாகி, √க = 2, க = 4 என்று எளிதில் முடியும். நகர்த்தாமல் உறுப்புக்கு உறுப்பு வர்க்கப்படுத்தி 2க + 5 = 25 என்று எழுதுபவர்களுக்கு 10 வரும்; √15 + √10 ஏறக்குறைய 7 என்பதைப் பார்த்தாலே அது பொருந்தாது என்று தெரிந்துவிடும்.

க − √க − 6 = 0 என்ற வகைக்கு வர்க்கப்படுத்துவதை நான் விரும்புவதில்லை. √க = த என்று வைத்தால் த² − த − 6 = 0; த = 3 அல்லது −2. வர்க்கமூலம் −2 ஆக முடியாது என்பதால் அதை அங்கேயே அடித்துவிட்டு, க = 9 என்று எழுதிவிடலாம். வர்க்கப்படுத்திப் போயிருந்தால் 9 உடன் 4 உம் வந்திருக்கும், அதை மறுபடியும் பொருத்திப் பார்த்துத் தள்ளவேண்டியிருக்கும்.