வைக்கோல் நாற்பது நாளைக்குத்தான் வரும், என்ன செய்யலாம்?

ஆறு மாடு, நாற்பது நாள் வைக்கோல், பசுந்தீவனம் வர இரண்டரை மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லா மாட்டுக்கும் சமமாகக் குறைப்பதுதான் இதில் பெரிய தப்பு. கறவையும் நிறைசினையும் வயிறு நிறையத் தின்னட்டும் (400 கிலோ மாட்டுக்கு உலர் எடையில் தினம் சுமார் 10 கிலோ வேண்டும்). சினை பிடிக்காமல் நிற்கிற வயதான மாட்டை உடம்பு தேறி இருக்கும்போதே விற்றுவிடுங்கள், எலும்பு தெரிய ஆரம்பித்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

அப்புறம், இருக்கிற வைக்கோலிலேயே சத்துக் கூட, பாதியை இன்றே யூரியாவில் ஊறப்போடுங்கள். 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாய் போட்டு மூடி 21 நாள் விடவேண்டும். பிரிக்கும்போது நெடி கண்ணைக் கரிக்கும், வைக்கோல் பழுப்பாகி மெத்தென்று இருக்கும். எடுத்ததை ஆறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு வேண்டாம். யூரியாவை நேரடியாகத் தொட்டித் தண்ணீரில் கலக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், மாடு செத்துப்போகும்.

வாடி நிற்கிற இளஞ்சோளத்தை அவசரத்துக்கு அறுத்துப் போடாதீர்கள், அதில் சயனைடு விஷம் இருக்கும். வைக்கோலை நறுக்கிப் போட்டாலே காலடியில் வீணாவது பெரும்பாலும் நின்றுவிடும்.